ஒரு முதுகலை ஆய்வேட்டின் கதை

ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போது என் மேசையில் ஆய்வேடுகள் வந்து குவியும். முதுகலை மாணவர்கள் பட்டத்தின் பொருட்டு எழுதியவை. அவற்றுள் பெரும்பாலானவை நெறியாளரின் கருத்தை மாணவரின் பெயரில் திரும்பச் சொல்பவை. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வயதில் நெறியாளரை மறுத்துப் பேசும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? எனக்கு இருக்கவில்லை. இந்த ஏடுகளைப் புரட்டும்போதெல்லாம் 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஓர் இளம்பெண் அளித்த முதுகலை ஆய்வேடு என் நினைவுக்கு வரும். அவர் பெயர் மேரி ட்யூடர். பேச்சுக்குறை பற்றிய ஆய்வு அது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நூலக அடுக்கில் கிடந்துவிட்டுப் பின்னர் நீதிமன்றம்வரை சென்ற ஏடு. அதன் கதையை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கதை ட்யூடரிடமிருந்து தொடங்கவில்லை. அவருடைய நெறியாளரிடமிருந்து தொடங்குகிறது.

வெண்டல் ஜான்சன் 1906-இல் கான்சஸ் மாநிலத்தின் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாறு வயதில் திக்கத் தொடங்கினார். இவன் பேச்சில் ஏதோ குறையிருக்கிறது என்று முதலில் பெற்றோரிடம் சொன்னவர் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தச் சிறு தகவலை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; ஜான்சனின் வாழ்நாள் கொள்கை முழுவதும் இதிலிருந்துதான் முளைத்தது. இளமையில் அவர் திக்குவாய் தீர்க்கும் பள்ளி ஒன்றுக்குப் போனார்; பற்பல வைத்தியங்களைச் செய்து பார்த்தார்; ஒன்றும் பலிக்கவில்லை. 1926-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியத்தில் நாட்டமுடைய அம்மாணவர், தம் நாவின் புதிரை அவிழ்க்கும் பொருட்டே உளவியலுக்கு மாறினார். ‘நான் திக்குவதால்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய தன்வரலாற்று நூல் 1930-இல் வெளிவந்தது.

அக்காலத்தில் திக்குவாய் ஆய்வுக்கு உலகிலேயே தலைசிறந்த இடம் அயோவாதான். பட்டப்பள்ளியின் தலைவர் கார்ல் சீஷோர் அத்துறையை ஊன்றி வளர்த்தார். அவர் உருவாக்கிய லீ எட்வர்ட் டிராவிஸ் என்னும் இளம் அறிஞர் பேச்சு மருத்துவமனையை நடத்தினார். டிராவிஸின் கொள்கை உடலியல் சார்ந்தது. நாவு, உதடு, தாடை ஆகிய பேச்சுறுப்புகளின் தசைகள் இடமும் வலமுமாக இணைந்தவை. இரு பக்கத் தசைகளும் ஒரே கணத்தில் இயங்கினால்தான் ஒலி பிறக்கும். மூளையின் இரு அரைக்கோளங்களுள் ஒன்று தலைமை ஏற்றுக் காலக்கணக்கை நடத்தாவிட்டால் கட்டளைகள் முன்பின்னாக வந்து சேரும், நாவு தடுமாறும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கையால் எழுதும்படி வற்புறுத்துவது இக்குழப்பத்தை உண்டாக்கக்கூடும் என்று அவர் கருதினார். தாடைத் தசைகளின் மின்துடிப்புகளைக் கருவிகொண்டு பதிவுசெய்தும் பார்த்தார்.

ஜான்சன் இக்கொள்கைக்குத் தம் உடலையே ஒப்புக்கொடுத்தார். வலக்கையை மாக்கட்டுப் போட்டு முடக்கி, இடக்கையால் எல்லாவற்றையும் செய்யப் பழகினார். நீண்ட காலம் முயன்றும் திக்கு அகலவில்லை. கொள்கை பிழையாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்போதுதான் சிறுவயது ஆசிரியரின் சொல் அவருக்குள் வேறு பொருள் கொண்டது. எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும் பருவத்தில் தடுமாறுகின்றன, சொல்லைத் திரும்பச் சொல்கின்றன, நடுவில் நிற்கின்றன. அதை ஒரு பெரியவர் ‘திக்கு’ என்று பெயரிட்ட மாத்திரத்தில் குழந்தை தன் பேச்சை அஞ்சத் தொடங்குகிறது. அந்த அச்சமே உண்மையான திக்காக முற்றுகிறது. நோய் குழந்தையின் வாயில் பிறப்பதில்லை, பெற்றோரின் காதில் பிறக்கிறது என்னும் கருத்துப்பட அவர் பின்னாளில் சொன்னார்.

இலக்கியம் படித்த நம் போன்றோரை இக்கருத்து எளிதில் வசீகரிக்கும். பெயரிடுதலே பொருளைப் படைக்கிறது என்பதில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. ஜான்சனுக்கும் அம்மயக்கம் இருந்தது. ஆல்ஃப்ரெட் கோர்சிப்ஸ்கியின் பொதுச் சொற்பொருளியலில் அவர் தோய்ந்தவர். ஐடஹோ பகுதியின் ஷோஷோனி, பானக் பழங்குடியினரிடம் திக்கைக் குறிக்கும் சொல்லே இல்லை, ஆகவே அவர்களிடையே திக்குவோரும் இல்லை என்று 1944-இல் எழுதினார். அழகான வாதம், ஆனால் உண்மையன்று. அம்மக்களிடையே திக்குவோரும் இருந்தனர், அதைக் குறிக்கும் சொற்களும் இருந்தன என்று 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

*

1938-இல் டிராவிஸ் அயோவாவை விட்டுக் கலிபோர்னியா சென்றார். முப்பத்திரண்டு வயது ஜான்சன் தம் கொள்கையை மெய்ப்பிக்கும் நிலையில் இருந்தார். மெய்ப்பிக்க ஒரே நேர்வழிதான் உண்டு: நன்றாகப் பேசும் குழந்தையிடம் ‘நீ திக்குகிறாய்’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தப் பெற்றோர் இதற்கு இசைவர்? பெற்றோர் அருகில் இல்லாத குழந்தைகள் தேவைப்பட்டனர்.

அயோவா நகரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில், டாவன்போர்ட்டில் ஓர் அநாதை இல்லம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், வளர்க்க வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே விடப்பட்டனர். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு வந்துபோவது வழக்கம்.

1939 ஜனவரியில் மேரி ட்யூடர் அங்கே சென்றார். வயது இருபத்திரண்டை ஒட்டியது. 256 குழந்தைகளைக் கேட்டறிந்து 22 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரையினர். அவர்களுள் பத்துப் பேரை இல்லத்தின் ஆசிரியர்களும் காப்பாளர்களும் முன்பே திக்குவோர் என்று குறித்திருந்தனர். அந்தப் பத்துப் பேருள் ஐவரிடம் ‘உன் பேச்சில் குறையில்லை’ என்றும் ஐவரிடம் ‘நீ திக்குகிறாய்’ என்றும் சொல்ல வேண்டும். மற்ற பன்னிருவர் இயல்பாகப் பேசுவோர். அவர்களுள் அறுவரை நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்ட வேண்டும். எஞ்சிய அறுவர்தாம் இக்கதையின் மையம். அவர்களிடம், உன் பேச்சில் பெருங்குறை இருக்கிறது, அது திக்கின் தொடக்கம், உடனே நிறுத்த வேண்டும், மன உறுதியைப் பயன்படுத்து, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே பேசாதே என்ற கருத்தில் சொல்ல வேண்டும். ஆசிரியர்களிடமும் காப்பாளர்களிடமும் இவ்வறுவரும் திக்குவோர் என்றே சொல்லப்பட்டது. தடுமாறும்போதெல்லாம் திருத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. பேச்சுப் பயிற்சி நடக்கிறது என்று நம்பிய அப்பெரியவர்களும் ஒருவகையில் ஏமாற்றப்பட்டவர்களே.

மே மாதம் வரை ட்யூடர் சிலமுறை சென்றுவந்தார். என்ன நிகழ்ந்தது என்பதை அவரது ஏடே சொல்கிறது. முன்பு கலகலவென்று பேசிய பிள்ளைகள் ஒற்றைச் சொல்லில் விடையளிக்கலாயினர். சிலர் கண்ணை மூடிக்கொண்டனர், சிலர் தலைகவிழ்ந்தனர், ஒரு குழந்தை சொல் வராதபோது விரல்களைச் சொடுக்கியது. படிப்பிலும் பின்தங்கினர். ஐந்தே மாதங்களில், சில சந்திப்புகளில் விளைந்தவை இவை.

ஏடு அளிக்கப்பட்டது, பட்டம் கிடைத்தது. அதன்பின் ட்யூடர் செய்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகும் அவர் மூன்று முறை டாவன்போர்ட் சென்று அக்குழந்தைகளிடம், உங்கள் பேச்சு நன்றாகவே இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். காலப்போக்கில் தேறிவிடுவர், ஆனால் நம் சுவடு அவர்கள்மீது படிந்துவிட்டது என்னும் கருத்தில் 1940-இல் ஜான்சனுக்குக் கடிதமும் எழுதினார். ஐந்து மாதம் சொன்ன சொல்லை மூன்று வருகைகளில் திரும்பப் பெற இயலவில்லை.

*

இதே டாவன்போர்ட் இல்லத்தில், இதே பத்தாண்டில், இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரோல்ட் ஸ்கீல்ஸ் என்னும் உளவியலாளர் மற்றோர் ஆய்வு நடத்தினார் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. அறிவு மந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட 13 சிறு குழந்தைகள் இவ்வில்லத்திலிருந்து மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதி ஒன்றுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த பெண்கள் அவர்களைத் தூக்கி வைத்துக் கொஞ்சினர், பேசினர், விளையாடினர். குழந்தைகளின் அறிவு ஈவு சராசரியாக 27 புள்ளிகளுக்கும் மேல் உயர்ந்தது. இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 பேரின் ஈவு ஏறக்குறைய அதே அளவுக்குச் சரிந்தது. இந்த ஆய்வும் 1939-இல்தான் வெளிவந்தது. பின்னாளில் ஸ்கீல்ஸ் அவர்களைத் தேடிச் சென்று 1966-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த 13 பேரும் சொந்தக் காலில் நின்று வாழ்ந்துகொண்டிருந்தனர்.

ஒன்று வெளிச்சம், மற்றது இருள் என்று பிரித்துவிடுவது எளிது. ஆனால் ஸ்கீல்ஸின் ஆய்விலும் அந்தப் பன்னிருவர் இருக்கிறார்கள். ஒப்பீட்டுக்காக எண்ணப்பட்டவர்கள். அவர்களைத் தூக்கிக் கொஞ்ச எவரும் வரவில்லை. அநாதைக் குழந்தை என்றால் கேட்க ஆளில்லை என்பது அன்றைய அறிவியலுக்கு வசதியாக இருந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் அந்த வசதி பொதுவானது.

ட்யூடரின் ஏட்டை உடன் பணியாற்றியோர் ‘அரக்க ஆய்வு’ என்று தமக்குள் அழைத்தனர். ஜான்சன் அதை வெளியிடவில்லை. பிற்காலத்தில் தம் கொள்கையை விரித்தெழுதியபோதும் அதைச் சான்றாகக் காட்டவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜி மருத்துவர்களின் கொடுமைகள் வெளிப்பட்டு, 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் வகுக்கப்பட்ட சூழலில், மனிதர்மீது செய்த இத்தகைய சோதனையைப் பேச யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஜான்சன் துறையின் தந்தையருள் ஒருவராகப் புகழ்பெற்று 1965-இல் மறைந்தார். அயோவாவின் பேச்சு, செவிப்புலன் ஆய்வு மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நூலகத்தில் ஏடு மட்டும் இருந்தது.

1988-இல் ஃபிராங்க்ளின் சில்வர்மன் என்னும் ஆய்வாளர் துறைசார் இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். 2001 ஜூனில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மெர்குரி நியூஸ் நாளிதழில் ஜிம் டயர் என்ற செய்தியாளர் விரிவாக எழுதியபோதுதான் உலகம் அறிந்தது. அறிந்தவர்களுள் அந்தக் குழந்தைகளும் அடங்குவர் என்பதே இதன் கொடுமை. எழுபது வயதைத் தாண்டிய முதியவர்கள், தாங்கள் வாழ்நாள் முழுதும் வாய்திறக்க அஞ்சியதற்கு ஓர் ஆய்வு காரணமாக இருந்திருக்கலாம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் ட்யூடருக்குக் கடிதம் எழுதினார். உறைமேல் அவர் பெயருடன் ‘அரக்கி’ என்ற சொல்லும் இருந்தது. முதுமையிலிருந்த ட்யூடர், அப்பணி அப்போதே தமக்குப் பிடிக்கவில்லை என்றும், அக்காலத்தில் சொன்னதைச் செய்வதே வழக்கம் என்றும் செய்தியாளரிடம் கூறினார்.

அதே ஆண்டு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2003-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2007 ஆகஸ்டில் அயோவா மாநில அரசு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டாலரை இழப்பீடாகத் தர ஒப்புக்கொண்டது. அதற்குள் பாதிக்கப்பட்டோர் சிலர் இறந்திருந்தனர். அவர்கள் சார்பில் வாரிசுகளே வழக்கில் நின்றனர்.

*

இனி அறிவியல் கேள்விக்கு வருவோம். ஜான்சன் சொன்னது மெய்யா? சொல் திக்கை உண்டாக்குமா?

2002-இல் நிகோலின் ஆம்ப்ரோஸ், எஹுத் யாயிரி என்னும் இரு ஆய்வாளர்கள் ட்யூடரின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். ஆய்வின் அமைப்பில் பல குறைகளைக் கண்டனர். முக்கியமாக, இயல்பாகப் பேசிய அந்த அறுவரும் திக்குவோராக மாறினர் என்பதற்கு அத்தரவுகளில் ஆதாரமில்லை என்றனர். செய்தித்தாள்கள் எழுதியதற்கு இது மாறானது. குழந்தைகள் பேச அஞ்சினர், ஒடுங்கினர். ஆனால் அது திக்கு அன்று.

அப்படியானால் திக்கு என்பது என்ன? இன்றைய ஆய்வுகள் அதைப் பேச்சியக்கத்தின் கட்டுப்பாட்டில், குறிப்பாகக் காலக்கணக்கில் நேரும் சிக்கலாகக் காண்கின்றன. ஒரு சொல்லைச் சொல்ல மார்பு, குரல்வளை, நாவு, உதடு ஆகியவற்றின் பற்பல தசைகள் நொடியின் சிறு பின்னங்களுக்குள் வரிசை தவறாமல் இயங்க வேண்டும். அவ்வரிசையைத் தொடங்கிவைக்கவும் நகர்த்தவும் மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகள் துணைசெய்கின்றன. அப்பகுதிக்கும் புறணிக்கும் இடையிலான இணைப்புகள் திக்குவோரிடம் சற்றே வேறுபட்டிருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. சேர்ந்து பாடும்போதும் பிறரோடு இணைந்து வாசிக்கும்போதும் பலருக்குத் திக்கு மறைவது ஏன் என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு: தாளம் வெளியிலிருந்து கிடைத்துவிடுகிறது. 2010-இல் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்கக் குழு, திக்குடன் தொடர்புடைய மரபணு மாற்றங்களை முதன்முதலாக இனங்கண்டது. குழந்தைகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐவர் திக்குகின்றனர்; பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகின்றனர்; வயதுவந்தோரில் நூற்றுக்கு ஒருவருக்கு நிலைக்கிறது.

ஜான்சன் கைவிட்ட டிராவிஸின் கொள்கையே ஒருவகையில் திரும்பி வந்திருக்கிறது. கைப்பழக்கத்தைப் பற்றி டிராவிஸ் கருதியது நிற்கவில்லை. ஆயினும் மூளையின் காலக்கணக்கில்தான் விடை இருக்கிறது என்ற திசை பிழையன்று. பல ஆண்டுகள் கட்டுப்போட்டும் தம் கை திருத்தாத நாவை, ஆசிரியரின் ஒரு சொல் கெடுத்திருக்கும் என்று ஜான்சன் நம்பினார். தம் துயருக்கு ஒரு காரணகர்த்தா வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் அநாதை இல்லக் குழந்தைகள் மட்டுமல்லர். ஜான்சனின் கொள்கை பல பத்தாண்டுகள் கோலோச்சியது. குழந்தையின் திக்கைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள் என்று பெற்றோர்கள் அறிவுறுத்தப்பட்டனர். பிள்ளை திக்கினால் தன் காதும் தன் சொல்லுமே காரணம் என்று எத்தனை தாய்மார்கள் குற்றவுணர்வில் வெந்திருப்பார்கள்! பின்னர் ஆஸ்திரேலியாவின் லிட்கம்பில் உருவான சிகிச்சைமுறை இதற்கு நேர்மாறானது: சரளமாகப் பேசும்போது பெற்றோர் பாராட்டுவர், திக்கும்போது அவ்வப்போது இதமாகச் சுட்டுவர். 2005-இல் வெளிவந்த சோதனை, மழலைப் பருவத்தினருக்கு அது பயன்தருவதைக் காட்டியது. திக்கைப் பெயர்சொல்லிச் சுட்டுவதாலேயே திக்கு முற்றுவதில்லை.

ஆக, ஜான்சன் தோற்றார். சொல் திக்கை உண்டாக்கவில்லை. ஆனால் சொல் வேறொன்றை உண்டாக்கியது. ட்யூடரின் ஏட்டை நான் மதிக்கும் இடம் இதுதான். எதிர்பார்த்த திக்கு வராதபோதும், விரலைச் சொடுக்கிய குழந்தையையும் கண்ணை மூடிய குழந்தையையும் அவர் எழுதிவைத்தார். நெறியாளரை மறுக்கத் துணிவில்லாத மாணவிக்குக் கண்டதை மறைக்காமல் எழுதும் நேர்மை இருந்தது. அந்த ஏடு இல்லையேல் அக்குழந்தைகளுக்கு நேர்ந்ததற்குச் சான்றே இருந்திராது. தீங்கு செய்த கையே சாட்சியும் எழுதியிருக்கிறது.

*

இக்கதையை நான் இவ்வளவு காலம் சுமந்து திரிவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், முதலாமாண்டு வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பிப் பாடலை வாசிக்கச் சொன்னேன். முதற்சீரின் ககரத்தில் அவன் நின்றுவிட்டான். உதவுவதாக எண்ணிக்கொண்டு, “பயப்படாதே தம்பி, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு மெதுவாகச் சொல்லு” என்றேன். அன்போடுதான் சொன்னேன். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. அவன் அமர்ந்துவிட்டான். அதன்பின் மூன்றாண்டுகள் என் வகுப்பில் அவன் குரலை நான் கேட்கவில்லை. வருகைப் பதிவின்போதுகூட “உள்ளேன் ஐயா” என்று சொல்லாமல் கையை மட்டும் உயர்த்துவான். நானும் அவன் சிரமத்தைத் தவிர்க்கிறேன் என்ற பெருந்தன்மையில், கையைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். அவனுடைய திக்குக்கு நான் காரணமல்லன் என்று இன்றைய அறிவியல் எனக்குச் சொல்கிறது. அவனுடைய மௌனத்துக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு விடை அறிவியலில் இல்லை.

ட்யூடர் மூன்று முறையாவது திரும்பிச் சென்றார். நான் ஒருமுறைகூட அவனை அழைத்துப் பேசவில்லை.

இவ்வாண்டு என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். வாசிக்கும்போது சில எழுத்துகளில் நின்று நின்று வருவாள். ஒரு வெண்பாவுக்கு இரண்டு நிமிடம் ஆகும். நான் ஒன்றும் சொல்வதில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வகுப்பும் காத்திருக்கப் பழகிவிட்டது.